'லவ்' வந்தது லோபத்திலிருந்தா?

ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் இந்திப் பேச்சுப் போட்டி, தலைப்பு அன்பைப் பற்றியது. 'லவ்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு இந்தியில் சரியான பொருள் என்ன, அது பேராசை என்று பொருள்படும் சமஸ்கிருத 'லோப'த்திலிருந்து பிறந்தது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை மேடையில் சொல்லலாமா என்கிறார். ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'லவ்' வரும் இடத்தில் ஓர் இந்திக்காரர் என்ன சொல்வார் என்பது ஒன்று. அந்தச் சொல்லின் பூர்வீகம் எது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல் பதிலாக வரும் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் இந்த மாதிரி வாட்ஸப் செய்திகளுக்கு முதலீடு. இந்தச் சொல்லைப் பொறுத்தவரை இரண்டு பதில்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தி டியூஷன் எடுக்கிறேன். பிராத்மிக் முதல் பிரவீண் வரை பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன் மொழியியலில் எம்.ஏ. அரபியும் பாரசீகமும் அகராதி பார்க்கும் அளவுக்கு மட்டும்தான், ஆகவே அந்தப் பக்கம் போகும்போது மெதுவாகவே போவேன்.

முதலில் பொருள். 'லவ்' என்பதற்கு நேராக இந்தி அகராதியில் ப்யார் கர்னா, ப்ரேம் கர்னா, சாஹ்னா என்று போட்டிருக்கும். மனப்பாடம் செய்ய இது போதும், பேசப் போதாது. ஆங்கிலத்தில் அம்மாவையும் லவ் பண்ணலாம், மாம்பழத்தையும் பண்ணலாம், கிரிக்கெட்டையும் பண்ணலாம். தமிழில் 'லவ் பண்றேன்' என்றால் வீட்டில் பஞ்சாயத்து கூடும் விஷயம் ஒன்றுதான். இந்தி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அம்மாவிடமும் ப்யார் உண்டு, காதலியிடமும் ப்யார் உண்டு. மாம்பழத்திடம் கிடையாது.

என் வகுப்பில் ஒரு பையன், 'ஐ லவ் மேங்கோஸ்' என்ற வரியை 'மைம் ஆம் ஸே ப்யார் கர்தா ஹூங்' என்று எழுதிக் கொடுத்தான். இலக்கணத்தில் குற்றமே இல்லை. ஆனால் கான்பூரில் யாரிடமாவது சொன்னால் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். அங்கே வரவேண்டியது 'முஜே ஆம் பஹுத் பஸந்த் ஹைம்'. பஸந்த் பாரசீகத்திலிருந்து வந்த சொல். அமைப்பைப் பாருங்கள்: 'எனக்கு மாம்பழம் ரொம்பப் பிடிக்கும்'. நான் எதுவும் செய்யவில்லை, எனக்குத் தானாகப் பிடிக்கிறது. 'எனக்கு' என்று தொடங்கும் இந்த வழக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழகிய ஒன்று. இருந்தும் ஆங்கிலத்தை நடுவில் வைத்து மொழிபெயர்க்கும்போது அதைத் தொலைத்துவிடுகிறார்கள். தமிழிலிருந்து நேராகப் போ என்று நான் சொல்வது இதனால்தான்.

வேற்றுமை உருபு இன்னொரு பள்ளம். 'உன்னை நேசிக்கிறேன்' என்பதைத் தமிழ்ப் பழக்கத்தில் 'தும்கோ ப்யார் கர்தா ஹூங்' என்று எழுதுவார்கள். காதலுக்கு அங்கே 'ஸே' வரவேண்டும்: தும்ஸே ப்யார். ஒருவரை வெறுத்தாலும் 'ஸே', ஒருவரிடம் பயந்தாலும் 'ஸே' என்பது வேறு விஷயம். 'கோ' போட்டால் பொருள் கையால் செய்வதாக மாறிவிடும். 'பச்சே கோ ப்யார் கரோ' என்றால் குழந்தையைக் கொஞ்சு, கன்னத்தைத் தடவிக்கொடு என்று பொருள். கடிதத்தின் கடைசியில் 'பச்சோம் கோ ப்யார்' என்று எழுதுவது இந்தி வீடுகளில் பழைய வழக்கம், 'குழந்தைகளுக்கு முத்தம்' என்று நாம் எழுதியதைப் போல.

சாஹ்னாவுக்கு வேறு குணம். விரும்புவதற்கும் அதுதான், வேண்டும் என்பதற்கும் அதுதான். 'தும்ஹேம் சாஹ்தா ஹூங்' என்றால் காதல். அதே வினையிலிருந்து வந்த 'சாஹியே'யைப் போட்டு 'முஜே சாய் சாஹியே' என்றால் டீ வேண்டும். ஸ்நேஹ் என்றால் பெரியவர் சிறியவர் மேல் வைப்பது. தாத்தா பேத்திக்கு ஸ்நேஹ் அனுப்பலாம், பேத்தி தாத்தாவுக்குத் திருப்பி அனுப்பினால் கொஞ்சம் இடறும். அவள் ஆதர், ஷ்ரத்தா என்று மரியாதைச் சொற்களுக்குப் போகவேண்டும். நம்மூரில் அதே சொல் 'சிநேகம்' என்று வந்து சமவயதுக்காரர்களின் நட்பாகிவிட்டது. மலையாளத்திலோ எல்லா அன்புக்கும் பொதுச்சொல்லே ஸ்நேஹம்தான். சமஸ்கிருதத்தில் அதன் அடிப்பொருள் பிசுபிசுப்பு, எண்ணெய்ப் பசை. ஒட்டிக்கொள்வது என்பதிலிருந்து பற்று வந்திருக்கிறது. ஆயுர்வேதத்தில் எண்ணெய்ச் சிகிச்சைக்கு இன்றும் ஸ்நேஹனம் என்றுதான் பெயர்.

இனி பிறப்பு. வாட்ஸப் செய்தியில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் இத்தனை நாள் ஓடியிருக்காது. 'லவ்' என்ற சொல்லுக்கும் சமஸ்கிருத லுப்–லோப என்ற சொல்லுக்கும் உறவு உண்டு. இதில் மொழியியலாளர்களிடையே தகராறு இல்லை. ஆனால் அந்த உறவு தாய்–மகள் உறவு இல்லை, அக்காள்–தங்கை உறவு. கொல்கத்தாவில் 1786 பிப்ரவரி 2 அன்று வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகத்தில் பேசும்போது, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஏதோ ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும், அந்த மூலம் ஒருவேளை இன்று இல்லாமலே போயிருக்கலாம் என்றார். அந்த மறைந்துபோன மூலத்துக்குத்தான் இந்தோ–ஐரோப்பிய முதுமொழி என்று பின்னால் பெயர் வைத்தார்கள். அதில் 'லெயுப்' என்று ஒரு வேர், விரும்பு, ஆசைகொள் என்ற பொருளில் இருந்ததாக மீட்டுருவாக்குகிறார்கள். எந்த ஏட்டிலும் எழுதிக் கிடைத்ததல்ல, மகள் மொழிகளைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தது. இப்படிப்பட்ட வடிவங்களுக்கு முன்னால் புத்தகங்களில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ஊகம் என்பதற்கு அதுதான் முத்திரை. ஃபார்வர்டு செய்பவர்கள் முதலில் உதிர்ப்பது அந்த நட்சத்திரத்தை.

அந்த வேர் ஜெர்மானியக் கிளைக்குப் போய்ப் பழைய ஆங்கிலத்தில் 'லுஃபு' என்ற பெயர்ச்சொல்லாகவும் 'லுஃபியன்' என்ற வினையாகவும் ஆயிற்று. எழுத்தில் ஃப என்று இருந்தாலும் இரண்டு உயிருக்கு நடுவில் 'வ' என்றே உச்சரித்தார்கள். இன்றைய 'லவ்' அதிலிருந்து நேர் வாரிசு. ஜெர்மனில் லீபெ, ரஷ்யனில் லியுபோவ். லத்தீனில் லிபெத், அதாவது 'பிடிக்கிறது'. லிபிடோ அதே வீட்டுப் பிள்ளை. லத்தீன்காரரும் 'மிஹி லிபெத்' என்றுதான் சொன்னார், 'எனக்குப் பிடிக்கிறது'. மேலே சொன்ன மாம்பழ வாக்கியத்தின் அச்சு. இதை முதன்முதலில் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒலி ஒற்றுமை மட்டும் இருந்தால் நம்பவேண்டாம். உலகத்தில் எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் பத்துச் சொல்லாவது அகப்படும். உறவுக்குச் சான்று, ஒலிகள் ஒரே ஒழுங்கில் மாறியிருப்பது. லோபத்தில் வருவது தேவநாகரி ப வரிசையில் நாலாவது ப (bh), அதாவது பாரதத்தின் முதல் எழுத்து. சொல்லுக்கு நடுவில் சமஸ்கிருதத்தில் அந்த நாலாவது ப இருந்தால் ஜெர்மனில் மூன்றாவது ப (b), ஆங்கிலத்தில் வ என்று எதிர்பார்க்கலாம். நாபியை எடுங்கள், தொப்புள். அதிலும் நாலாவது ப. ஜெர்மனில் நாபெல், ஆங்கிலத்தில் நேவல். லோப–லீபெ–லவ் என்ற வரிசைக்கும் நாபி–நாபெல்–நேவல் என்ற வரிசைக்கும் அடி ஒன்றுதான். உயிரெழுத்தில் உகரமும் ஓகாரமும் இடிக்கிறதே என்றால், சமஸ்கிருதத்திலேயே லுப் என்ற வேர் லோப என்று ஆகிறது, புத்தி–போதம், யுக்தி–யோகம் மாதிரி. ஆங்கிலம் குறில் வடிவத்தைப் பிடித்துக்கொண்டது.

தாய்–மகள் இல்லை என்பதற்கும் காரணம் எளிது. பழைய ஆங்கில ஏடுகளில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே 'லுஃபு' இருக்கிறது. அன்றைக்கு இங்கிலாந்துக்காரருக்குச் சமஸ்கிருதம் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. இந்தியாவிலிருந்து உண்மையிலேயே கடன்போன சொற்கள் பின்னால் கம்பெனிக் காலத்தில் போயின. லூட், ஷாம்பூ இரண்டும் இந்தியிலிருந்து போனவை. அவற்றுக்குப் பயணத் தேதி இருக்கிறது, 'லவ்'வுக்கு இல்லை. நானே ஆரம்ப வருஷங்களில் வகுப்பில் 'லோபத்திலிருந்துதான் லவ் வந்தது' என்று ஜோராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண், "அப்படின்னா வெள்ளைக்காரன் இங்க வர்றதுக்கு முன்னாடி அவங்கல்லாம் என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டாள். அன்றோடு நிறுத்தினேன்.

சமஸ்கிருதத்தில் அந்த வேருக்கு என்ன கதி என்றால், ஆசை பேராசையாக முற்றிவிட்டது. சமஸ்கிருத வேர்களின் பழைய பட்டியலான தாதுபாடம் லுப் என்ற வேரை இரண்டு இடத்தில் வைக்கிறது, ஓரிடத்தில் பேராசை, இன்னோரிடத்தில் மயக்கம். பிறகு லோபம் ஆறு பகைவர்களில் ஒருவராகிவிட்டது: காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாச்சரியம். கீதையில் 16ஆம் அத்தியாயம் 21ஆம் சுலோகத்தில் நரகத்துக்கு மூன்று வாசல் என்று சொன்ன இடத்தில் மூன்றாவது வாசல் அதுதான். பாலி நூல்களில் லோபம், தோஸம் (வெறுப்பு), மோஹம் என்று பௌத்தரும் அதையே முதலில் நிறுத்தினார்கள். தமிழுக்கு வந்தபோது இன்னும் ஒரு படி இறங்கியது. வடக்கே லோபி என்றால் பிறர் பொருளுக்கு ஆசைப்படுகிறவன். நம்மூர் உலோபி தன் பொருளை விட மனசில்லாதவன். அவன் கை அடுத்தவன் பையில், இவன் கை தன் பையிலேயே.

தமிழ் எழுத்தில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லோபம் என்று நாம் எழுதுவது இரண்டு வெவ்வேறு சொற்களுக்கு. நாலாவது ப உள்ளது பேராசை. முதல் ப உள்ள லோபம் என்பது வேறு, அறுந்துபோதல், மறைதல். சமஸ்கிருத இலக்கணத்தில் எழுத்து கெடுவதற்கு அந்தப் பெயர். அதன் வேர் லுப் என்பதிலும் முதல் ப. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால், அகத்தியர் மனைவி லோபாமுத்திரையின் பெயருக்கு 'ஆசையின் முத்திரை' என்று விளக்கம் எழுதியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் பெயரில் இருப்பது முதல் ப. 'லவ்'வுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

இந்தியில் பேராசை லோபத்தின் வேர் கெட்ட பெயரோடு மட்டும் நிற்கவில்லை. லோப் என்றால் பேராசைதான், ஆனால் லுபானா என்றால் மனதைக் கவர்வது, லுபாவ்னா என்றால் கவர்ச்சியான. மலைக்காட்சி லுபாவ்னாவாக இருக்கலாம், குழந்தையின் சிரிப்பும் இருக்கலாம். இந்தி நாளிதழ்களில் தேர்தல் நேரத்தில் 'லோக்லுபாவன்' என்று ஒரு சொல் கட்டாயம் வரும், மக்களை மயக்கும் வாக்குறுதிகள். நம் பத்திரிகைகள் 'கவர்ச்சி அறிவிப்பு' என்று போடுவது. ஆக 'லவ்'வின் தங்கைமகள் ஒருத்தி தேர்தல் அறிக்கையில் வேலை பார்க்கிறாள்.

லோபத்தையும் அன்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு இந்திக்காரரையும் சொல்லவேண்டும். ராமச்சந்திர சுக்லவுக்கு 'லோப் ஔர் ப்ரீதி' என்று ஒரு கட்டுரை உண்டு. 1939இல் வந்த 'சிந்தாமணி' தொகுப்பில் இருக்கிறது. அவர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்துக்குப் போகவில்லை, மனசின் வேலையைத்தான் பார்த்தார். நல்ல பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டாலும் ஓடுவது லோபம், இந்த ஒன்றுதான் வேண்டும் என்று ஒன்றிலேயே நின்றுவிடுவது அன்பு என்று கோடு போட்டார். லோபத்தின் பார்வை பொதுவானதன் மேல், அன்பின் பார்வை குறிப்பிட்ட ஒன்றின் மேல். எல்லா மிட்டாய்க்கடை வாசலிலும் நிற்கிறவனையும் ஒரே கடை வாசலில் நிற்கிறவனையும் நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். உயர்நிலைத் தேர்வுப் பிள்ளைகள் அந்தக் கட்டுரையைக் கண்டால் தலைதெறிக்க ஓடுவார்கள், வாக்கியங்கள் அவ்வளவு நீளம். எனக்கு அது பிடிக்கும்.

சரி, ப்யார் எங்கிருந்து வந்தது? சமஸ்கிருத 'ப்ரிய' பிராகிருதத்தில் 'பிய' ஆகி, 'பிஆர' என்று நீண்டு, இந்தியில் ப்யார் என்று சுருங்கியது. ப்ரிய என்ற அடியில் ஐயமில்லை. வால் பகுதியான 'ஆர்' எங்கிருந்து என்றால், 'ப்ரியகார' என்ற கூட்டுச்சொல்லிலிருந்து என்கிறார்கள், அதாவது பிரியமானதைச் செய்தல். நல்ல விளக்கம்தான், ஆனால் முதல் பகுதி அளவுக்கு அடித்துச் சொல்லமாட்டேன். ப்ரேமும் ப்ரீதியும் அதே ப்ரீ என்ற வேர்தான். இந்த வேர் ஆங்கிலத்துக்குள்ளும் போயிருக்கிறது. பிதா அங்கே ஃபாதர் ஆனமாதிரி முதல் ப ஃப ஆகி, 'ஃப்ரெண்ட்' என்று நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரேயொந்த்' என்றால் நேசிக்கிறவன் என்று பொருள். 'ஃப்ரீ' என்ற சொல்லும் அதே குடும்பம். வெள்ளிக்கிழமையின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ஃப்ரிக் என்ற தேவதையும் அந்த வீட்டுப் பெண்தான்.

ஆக கணக்கு இப்படி முடிகிறது: 'லவ்'வுக்கு இந்தியில் பொருள் ப்யார், ஆனால் 'லவ்'வின் இரத்த உறவு லோப். ப்யாரின் இரத்த உறவு ஆங்கிலத்தில் ஃப்ரெண்ட். 'பிரியமுள்ள அத்தைக்கு' என்று நாம் கடிதம் தொடங்கியதும், தேவாலயத்தில் 'பிரியமானவர்களே' என்று கேட்பதும் அந்த ப்ரிய வழியில் வந்த கடன்தான். காதலும் அன்பும் இந்த இரண்டு வீட்டிலும் சேராதவை, அவை திராவிடச் சொற்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொஹப்பத்தும் இஷ்க்கும் அரபு, பாரசீகம் வழியாக இந்திக்கு வந்தவை. இஷ்க் என்பது மரத்தைச் சுற்றி வளரும் ஒரு கொடியின் பெயரிலிருந்து வந்தது என்றும், கொடி மரத்தை உலர்த்துவதுபோல் காதல் ஆளை உலர்த்தும் என்று பழைய அரபு அகராதிக்காரர்கள் எழுதிவைத்தார்கள். கவிதைக்கு அழகு, சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. சாஹ்னாவின் மூலம் இன்னும் முடிவாகவில்லை. சமஸ்கிருதத்தில் அதற்கு இன்ன சொல்தான் என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் அவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

மகளின் மேடைக்கு வருகிறேன். 'லவ் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது' என்று சொல்லவேண்டாம். நடுவராக விஷயம் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் மதிப்பெண் போய்விடும். 'லவ்வும் லோபும் ஒரே பாட்டியின் பேத்திகள்' என்று சொல்லலாம். இந்தியில் 'ஏக் ஹீ நானீ கீ நாத்தினேம்' என்றால் சபையில் சிரிப்பும் வரும், தவறும் இல்லை. கபீர் பெயரில் வழங்கும் 'டாயீ ஆகர் ப்ரேம் கா' (ப்ரேம் என்ற இரண்டரை எழுத்து) வரியைச் சொல்வதானால், ப்ரேம் என்பதைத் தேவநாகரியில் எழுதிக் காட்டி அரை எழுத்து எது என்று சொல்லட்டும். வெறுமனே ஒப்பித்தால் அவளுக்கு முன்னால் பேசிய நாலு பேரும் அதையேதான் ஒப்பித்திருப்பார்கள்.

உச்சரிப்பில் ஒரு திருத்தம். நம் பிள்ளைகள் ப்யார் என்பதைப் 'பியார்' என்று இரண்டு அசையாகச் சொல்வார்கள். ப-வும் ய-வும் ஒட்டி ஒரே அசையாக வரவேண்டும், அதற்காகப் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் மேடையில் பியார் என்றே வந்துவிட்டால் பதறவேண்டாம். போஜ்புரிக்காரர்கள் இன்றைக்கும் பியார் என்றுதான் சொல்கிறார்கள், பிராகிருதத்தின் பிஆரவுக்கும் அதுதான் கிட்டே. நடுவரிடம் மட்டும் இந்த வாதத்தை எடுத்துவைக்க வேண்டாம்.